பூட்டு ஊரில் ஒரு நாள்!

லீவுக்கு வெளியூர் கிளம்புகிற குடும்பத் தலைவர்களை மூன்று ரகமாகப் பிரிக்கலாம். வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை ஒரே ஒரு தடவை இழுத்துப் பார்க்கிறவர் முதல் ரகம். மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, தெருமுனை வரை போய், 'காஸை மூடினோமா?' என்று ஆட்டோவைத் திருப்பச் சொல்கிறவர் இரண்டாவது ரகம். மூன்றாவது ரகம், பூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியே பார்த்துவிடும். பாங்கோ, ரயில்வேயோ, எங்கே வேலை பார்த்தாலும் சரி, இந்த மூன்று ரகத்துக்கும் பொதுவான நம்பிக்கை ஒன்று உண்டு.

"திண்டுக்கல் பூட்டு சார்! ஒண்ணும் ஆகாது!"

அந்தத் திண்டுக்கல்லுக்கே போய், "நிஜமாவே ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டுவிட்டு வந்தேன்.

போகச் சொன்னது என் மனைவி. நங்கநல்லூரில் நாங்கள் இருக்கும் பிளாட்டில் மொத்தம் பன்னிரண்டு வீடு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாதம், கீழ்வீட்டு மாமா குடும்பத்தோடு நாலு நாள் பெங்களூர் போனார். தபால் இலாகாவில் ரிடையர் ஆனவர். திரும்பி வந்தபோது வாசல் கதவு திறந்திருந்தது. பீரோ திறந்திருந்தது. இளைய பெண்ணின் கல்யாணத்துக்கென்று இருபது வருஷமாகச் சீட்டுக் கட்டிச் சேர்த்த நகை மொத்தமும் காணோம். ஆவணியில் நடக்க வேண்டிய கல்யாணம் தைக்குத் தள்ளிப்போனது. அதுவரை வாசலில் ஈஸிசேர் போட்டு எல்லோரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்த மாமா, ஈஸிசேரை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார்.

இதில் ஒரு வயிற்றெரிச்சல் என்னவென்றால், பூட்டுக்கு ஒரு கீறல்கூட இல்லை! பூட்டியது பூட்டியபடி, நாதாங்கியோடு சேர்ந்து பத்திரமாகத் தரையில் கிடந்தது. பூட்டை யாருமே தொடவில்லை. கதவிலிருந்து நாதாங்கியை நெம்பிப் பெயர்த்து எடுத்திருக்கிறார்கள். மறுநாள் பேப்பரில் என்னவோ 'பூட்டை உடைத்து' என்றுதான் போட்டிருந்தது.

அன்றிலிருந்து எங்கள் பிளாட்டில் யாரும் குடும்பத்தோடு எங்கேயும் போவதில்லை. கல்யாணம் என்றால் கணவர் போவார். சாவு என்றால் மனைவி போவார். ஒருவர் வீட்டுக் காவல். என் பெண் கொடைக்கானல் ஏரியைக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறாள். திருடனுக்குப் பயந்து நாங்கள் பூட்டி வைத்தது வீட்டையா, எங்களையா என்பதே சந்தேகமாகிவிட்டது.

கடைசியில் என் மனைவி ஒரு சமரசத்துக்கு வந்தாள். "திண்டுக்கல்லேர்ந்து ஒரிஜினல் கைப்பூட்டு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. அப்புறம் கொடைக்கானலைப் பத்தி யோசிக்கலாம்."

எழும்பூரில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினேன். எதிர் பெர்த் ஆசாமி, பெட்டியைச் சங்கிலியால் பெர்த்தோடு கட்டி, அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டு, என்னையே சந்தேகமாகப் பார்த்தபடி படுத்தார். தூங்கவே மாட்டார் என்று நினைத்தேன். பத்தாவது நிமிஷம் குறட்டை. ஒரு சின்னப் பூட்டுக்கு என்ன சக்தி பாருங்கள்!

* * *

திண்டுக்கல்லில் இறங்கும்போது இன்னும் இருட்டு. டீ குடித்து முடிப்பதற்குள் வெளிச்சம் வந்தது. வந்ததும் முதலில் தெரிவது அந்த மலை. ஒரே பாறை. யாரோ ராட்சசன் சாய்ந்துகொள்ள உருட்டிப் போட்ட திண்டு மாதிரி கிடக்கிறது. திண்டு போன்ற கல், அதனால் திண்டுக்கல் என்கிறார்கள். பார்த்தால் மறுக்கத் தோன்றவில்லை.

ரோட்டில் கார்களும் வேன்களும் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எல்லாம் வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போகிற கூட்டம். குல்லாய் போட்ட குழந்தைகள், ஜன்னலில் சிப்ஸ் பாக்கெட். அத்தனை பேரும் எங்கேயோ ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு வந்தவர்கள். பூட்டு ஊரில் நிறுத்தி, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். பூட்டுக் கடைப் பக்கம் ஒருத்தரும் திரும்பவில்லை.

நாகல் நகர், நல்லாம்பட்டி, குடைப்பாறைப்பட்டி, யாகப்பன்பட்டி. இதெல்லாம் பூட்டுத் தொழிலுக்குப் பெயர் போன இடங்கள். நூறு வருஷத்துக்கும் மேலான தொழில். ஒரு காலத்தில் தெருவில் நடந்தாலே வீட்டுக்கு வீடு அரம் ராவுகிற சத்தம் கேட்குமாம். இப்போது விசாரித்துக்கொண்டுதான் போக வேண்டியிருக்கிறது. வட இந்தியாவில் அலிகர் என்றொரு ஊர். அதுவும் பூட்டுக்குப் பெயர் போனது. அங்கேயிருந்து மெஷின் பூட்டு மலிவாக வந்து குவிய, கையால் செய்கிறவர்களுக்குக் கூலி கட்டுப்படியாகவில்லை. பையன்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. தொழிலுக்குத்தான் இன்னும் வரவில்லை.

நான் போன பட்டறை ஒரு சின்ன ஓட்டு வீட்டின் முன்கட்டு. பெரியவர் ஒருவர் பட்டறைப் பிடியில் சாவியை இறுக்கி, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, அரம் போட்டுக்கொண்டிருந்தார். எழுபது வயசு இருக்கும். விரல் நுனியெல்லாம் இரும்பு நிறம்.

"வாங்க தம்பி, உக்காருங்க. எந்த ஊரு?"

"மெட்ராஸுங்க. நல்ல பூட்டா ஒண்ணு வேணும்."

"கதவு என்ன மரம்?"

பூட்டு கேட்டால் மரம் கேட்கிறாரே என்று பார்த்தேன். பெரியவர் விடவில்லை. "நெலை என்ன மரம்? நாதாங்கிய எத்தன ஸ்க்ரூ போட்டு மாட்டிருக்காக? அரை இஞ்சா, ஒண்ணரை இஞ்சா?"

கீழ்வீட்டு மாமாவின் கதையைச் சொன்னேன். பெரியவர் ஆச்சரியமே படவில்லை.

"அம்புட்டுத்தான் தம்பி. எட்டு லீவர் பூட்டு வாங்கி, எட்டணா ஸ்க்ரூவுல மாட்டுவாக. கள்ளப்பய பூட்டோட எதுக்கு மல்லுக்கட்டப் போறான்? எது இளிச்சவாயனோ அதைத்தானே பிடிப்பான்!"

லீவர் என்றால் என்ன என்று ஒரு பழைய பூட்டைப் பிரித்தே காட்டினார். உள்ளே மெல்லிய தகடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கின்றன. அவைதான் லீவர். சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு தகட்டைத் தூக்குகிறது. எல்லாத் தகடும் சரியான உயரத்துக்கு வந்தால்தான் பூட்டு திறக்கும். ஒரே ஒரு தகடு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் திறக்காது. தகடு கூடக் கூட, கள்ளச்சாவிக்காரனுக்குக் கஷ்டமும் கூடும். கையால் ராவுவதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்பதுதான் இந்த ஊர்ப் பூட்டின் பெருமை.

அலமாரியில் ரகம் ரகமாக வைத்திருந்தார். மாங்காய்ப் பூட்டு, மாங்காய் வடிவம். மணிப் பூட்டு, சாவியைத் திருப்பத் திருப்ப மணி அடிக்கும். ராத்திரி லேட்டாக வீட்டுக்கு வருகிற கணவன்மார்களுக்கு ஆகாத பூட்டு! இரண்டு சாவி போட்டால்தான் திறக்கிற பூட்டு ஒன்று. கோயில் கதவுக்கென்று ஒன்று; தூக்கிப் பார்த்தேன், குழந்தையை இடுப்பில் வைக்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"இதைப் போட்டா நிம்மதியா ஊருக்குப் போகலாமுங்களா?" என்றேன்.

பெரியவர் அரத்தைக் கீழே வைத்தார்.

"பூட்டு கள்ளன நிறுத்தாது தம்பி, தாமசப்படுத்தும். அஞ்சு நிமிசம், பத்து நிமிசம். அதுக்குள்ள யாராச்சும் 'யாருப்பா அங்க?'ன்னு ஒரு குரல் குடுக்கணும்ல? குரல் குடுக்க ஆளில்லாத வீட்டுக்கு எம்புட்டுப் பெரிய பூட்டுப் போட்டு என்ன?"

"நீங்க ஊருக்குப் போனா என்ன பூட்டுங்க போடுவீங்க?"

சிரித்தார். "நமக்கா? பழைய மாங்காப் பூட்டு ஒண்ணு கிடக்கு. பக்கத்து வீட்டு அக்கா எங்க திண்ணையிலதான் படுத்திருக்கும். அதைத் தாண்டி எவன் வருவான்?"

* * *

ரயிலுக்கு நேரம் இருந்ததால் மலை ஏறினேன். பாறையிலேயே வெட்டிய படிகள். மேலே கோட்டை. 1605-ல் மதுரை நாயக்கர் முத்துக்கிருஷ்ணப்பர் கட்ட ஆரம்பித்தது. மைசூர்ப் பக்கமிருந்தும் கொங்குப் பக்கமிருந்தும் மதுரைக்கு வருகிற வழியை இது காவல் காத்தது. யோசித்தால், கோட்டையே மதுரைக்குப் போட்ட ஒரு பூட்டுதான்!

ஆனால் பாருங்கள், இந்தப் பூட்டின் சாவி கை மாறிக்கொண்டே இருந்திருக்கிறது. 1755-ல் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். 1783-ல் வெள்ளைக்காரர்கள் பிடித்தார்கள். அடுத்த வருஷமே மங்களூர் உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடம் திருப்பிக் கொடுத்தார்கள். 1790-ல் மறுபடி பிடித்தார்கள். 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். பீரங்கி மேடை, வெடிமருந்துக் கிடங்கு, யானையாலும் ஏற முடியாத பாறை, எல்லாம் இருந்தும் இந்தக் கதி. நம் அரை இஞ்ச் ஸ்க்ரூ எம்மாத்திரம்?

உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. உள்ளே அம்மன் இல்லை. அபிராமி அம்மன் ஊருக்குள்ளே ஜனங்களோடு ஜனங்களாகக் குடியிருக்கிறாள். 'ஆள் நடமாட்டமுள்ள இடம்தான் பத்திரம்' என்று அம்மனுக்கே தோன்றிவிட்டதோ என்னவோ!

மேலேயிருந்து பார்த்தால் ஊர் முழுக்கத் தெரிகிறது. மொட்டை மாடியில் வடாம் பிழிகிற பெண்கள், பக்கத்து மாடிக்காரரோடு பேசுகிற ஆண்கள். யார் வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பது இந்தத் தெருக்களில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். எங்கள் பிளாட்டில் பன்னிரண்டு வீட்டுக்காரர்களில் நாலு பேர் பெயர்தான் எனக்குத் தெரியும். ஆனால் யார் ஊரில் இல்லை என்பது மட்டும் திருடனுக்குத் தெரிந்துவிடுகிறது. எப்படி?

நாமே சொல்கிறோம், சார்! வாசலில் நாலு நாள் பேப்பர் கிடக்கிறது. பால் பாக்கெட் தொங்குகிறது. பகலிலும் வராந்தா லைட் எரிகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, பக்கத்து வாசல்களில் கோலம் இருக்க, நம் வாசல் மட்டும் காய்ந்து கிடக்கிறது. 'வீட்டில் ஆள் இல்லை' என்று போர்டு எழுதி மாட்டாததுதான் பாக்கி. அதையும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஏரி, படகு, குல்லாய் சகிதம் போட்டுவிடுகிறோம்.

சாவி ஒளித்து வைப்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. பூந்தொட்டிக்கு அடியில், ஷூவுக்குள், ஈ.பி. மீட்டர் பெட்டியில். மொத்தமே இந்த மூன்று இடம்தான். இது திருடர்களுக்குப் பாலபாடம். பீரோ சாவியோ பீரோவின் தலைமேலேயே இருக்கும்!

* * *

ஊர் திரும்பியதும் பி.காம். மூளை கொஞ்சம் கணக்குப் போட்டது. நகையை வீட்டில் வைத்துவிட்டுப் போவதைவிட பாங்க் லாக்கர் மேல். ஆனால் லாக்கர் என்றால் முழு காரண்டி என்று நினைத்துவிடக் கூடாது. ரிசர்வ் பாங்க் 2021-ல் கொண்டுவந்து, 2022 ஜனவரி 1 முதல் அமலான விதிப்படி, தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நஷ்டமானால் பாங்க்கின் பொறுப்பு வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரைதான். வாடகை 2,000 ரூபாய் என்றால் 2 லட்சம். உள்ளே எத்தனை பவுன் இருந்தது என்பது கணக்கில் வராது.

வீட்டு இன்ஷூரன்ஸிலும் ஒரு சூட்சுமம் உண்டு. 2021 ஏப்ரல் 1 முதல் எல்லாக் கம்பெனிகளிலும் ஒரே மாதிரி கிடைக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிஸி, தீ, புயல், வெள்ளம் போன்றவற்றுக்கானது. அப்படி ஒரு விபத்து நடந்து, அதனால் 7 நாளுக்குள் திருட்டுப் போனால் கொடுப்பார்கள். நாம் ஊட்டியில் இருக்கும்போது கன்னம் வைத்தால் கொடுக்க மாட்டார்கள். அதற்குத் தனியாகக் கொள்ளை இன்ஷூரன்ஸ் எடுக்க வேண்டும். எடுத்தாலும், வீடு எத்தனை நாள் ஆளில்லாமல் இருக்கலாம் என்று பாலிஸியில் பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நகை, டி.வி., லேப்டாப் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, பில்லோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவேளை புகார் கொடுக்க நேர்ந்தால், 'ஒரு சங்கிலி சார், கொஞ்சம் நீளமா இருக்கும்' என்று கையால் அளந்து காட்ட வேண்டியதில்லை.

அடுத்து தச்சர் வந்தார். நாதாங்கிக்கு ஸ்க்ரூவுக்குப் பதில் கதவைத் துளைத்து போல்ட் போட்டு, உள்பக்கம் நட் முடுக்கினார். வாசல் கதவுக்கு உள்ளேயே பதிக்கிற பூட்டு ஒன்று. வெளியே தொங்காது, ஆள் இருக்கிறாரா இல்லையா என்று காட்டியும் கொடுக்காது. திண்டுக்கல் பூட்டு கிரில் கேட்டுக்குப் போனது, உள்பக்கமாகத் தொங்கும்படி. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், விலாசம், போகிற தேதி, வருகிற தேதி, போன் நம்பர் எழுதிக் கொடுத்தேன். ராத்திரி ரோந்தில் ஒரு பார்வை பார்ப்பார்கள். வருஷா வருஷம் லீவு சமயத்தில் அவர்களே இதைத்தான் சொல்கிறார்கள். போகிறவர்கள்தான் குறைச்சல். அவசரம் என்றால் 112 இருக்கவே இருக்கிறது.

இவ்வளவும் செய்தபிறகு, பெரியவர் சொன்ன அந்தக் குரல் பாக்கி இருந்தது. கீழே இறங்கிப் போய் மாமா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"மாமா, நாங்க நாலு நாள் கொடைக்கானல் போறோம். வீட்டை நீங்கதான் பார்த்துக்கணும்."

மாமா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "என்னையாப்பா சொல்றே? என் வீட்டையே கோட்டை விட்டவன்கிட்டயா?"

"அதனாலதான் மாமா. உங்களைவிட யாருக்குத் தெரியும், எங்கெங்கே பார்க்கணும்னு?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு உள்ளே திரும்பி, "ஏய், அந்த ஈஸிசேர் எங்கே?" என்று குரல் கொடுத்தார்.

கொடைக்கானலில் மூன்றாவது நாள் போன் செய்தேன். மாமாவின் குரலில் பழைய முறுக்கு. "உன் பேப்பரை நான்தாம்ப்பா எடுத்துக்கறேன். நீ போனதைப் பார்த்துட்டு மாடிக்காராளும் தைரியமா திருச்செந்தூர் போயிட்டா. அவா பேப்பரும் நம்மகிட்டதான். ஒரே நியூஸை மூணு பேப்பர்ல மூணு விதமாப் போட்டிருக்கான், பார்த்தியா? நேத்து ஒருத்தன் பிளாஸ்டிக் சேர் வேணுமான்னு உன் வாசல்கிட்ட நின்னான். 'யாருப்பா அங்க?'ன்னேன். ஓடியே போயிட்டான். பாவம், நிஜமாவே சேர் விக்கறவனா இருந்தாலும் இருப்பான்!"

அதற்குள் மாமி போனைப் பிடுங்கினார். "உன் ஆத்துக்காரி இருக்காளா? வாசல்ல தினம் எட்டுப் புள்ளிக் கோலம் போட்டுண்டிருக்கேன்னு சொல்லு. கோலமாவு கணக்கு வந்ததும் தீர்த்துக்கறேன்."

பக்கத்தில் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அப்போதுதான் முதல் தடவையாக ஸ்வெட்டர் பையைத் திறந்தாள்.

கோலமாவுக் கணக்கு இன்னும் தீரவில்லை. அடுத்த மாதம் மாமாவும் மாமியும் காசிக்கு டிக்கெட் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு நாள். பேப்பர் எடுப்பது என் மனைவி, கோலம் என் டியூட்டி என்று தீர்ப்பாகிவிட்டது. நாலு புள்ளி வரைக்கும் வந்துவிட்டேன், சார். ஐந்தாவது புள்ளிதான் எங்கே வைத்தாலும் பக்கத்து வீட்டு வாசலுக்குப் போய்விடுகிறது!